ஈரக் களியில் ஒரு டயர்த் தடம்

எங்கள் பக்கத்தில் மழை பெய்தால் யாரும் வண்டியை வெளியே எடுப்பதில்லை. சட்டம் எதுவும் இல்லை, மானப் பிரச்சினை. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கினால் கொஞ்ச தூரம் ஜல்லி ரோடு, அதற்கப்புறம் வெறும் களிமண். கம்போ என்போம். காய்ந்திருக்கும்போது அதன்மேல் விமானத்தையே இறக்கலாம். நனைந்துவிட்டால் அது ரோடே இல்லை. பிடிவாதமாக ஓட்டுகிறவனுடைய டயர் அதில் ஆழமாகத் தடம் பதிக்கும். வெயில் அடித்ததும் தடம் அப்படியே இறுகிவிடும். கோடை முழுக்க அந்த வழியாகப் போகிற வருகிற எல்லோருக்கும் வண்டி குலுங்கிப் பல் ஆடும். அதனால் ரோடு காய்ந்த அன்று, ஊருக்குள் டில்டன் தானியக் கிடங்கில் எல்லோரும் கூடுகிற காப்பி மேசையில் கேட்கப்படும் முதல் கேள்வி, யாருடைய தடம் என்பதுதான்.

ஆர்டன் அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள். பதில் சொல்ல வேண்டிய நிலைமை அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அவன் என் தங்கை மார்லிஸின் கணவன். அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் என் வகுப்புக்காரன். களி ரோட்டின் கோடியில் மாடு வளர்க்கிறான். நான் ஊருக்குள் டயர் கடை வைத்திருக்கிறேன், பலகையில் வெண்டல் என்று என் பெயர் இருக்கும். டயர் தேய்ந்த விதத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். வெளி ஓரம் தேய்ந்திருந்தால் அவசரக்காரன். நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்றை அடித்துவிட்டு மறந்துபோகிறவன். ஆர்டனின் நான்கு டயரும் ஒரே சீராகத் தேய்ந்து வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த மனுஷனும் அவ்வளவு ஒழுங்காக இருக்கக் கூடாது.

எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டான். தீயணைக்கிற சிலிண்டர் வாங்கினால் இரண்டாக வாங்குவான்: ஒன்று அடுப்படிக்கு, ஒன்று அன்றைக்கே தொழுவத்துக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தி அணைத்துப் பார்க்க. கல்யாணத்துக்கு முந்தின நாள் தேவாலயத்துக்குள் தனியாக நடந்து, எந்தத் தரைப்பலகை கிறீச்சிடுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டான். மறுநாள் அந்தப் பலகையை மட்டும் தாண்டி எட்டு வைத்தான். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று எங்கள் அப்பா நினைத்துவிட்டார்.

அப்படிப்பட்டவன் பனி உருக ஆரம்பித்த நேரத்தில் என் கடைக்கு வந்து, பிக்கப்புக்கு லெவலிங் கிட்டும் பெரிய டயரும் வேண்டும் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிக்கப் வண்டிகள் எல்லாமே கம்பெனியிலிருந்து வரும்போது மூக்கு கொஞ்சம் தாழ்ந்துதான் வரும். பின்னால் பாரம் ஏற்றினால் சரிமட்டமாக நிற்க வேண்டும் என்பதற்காக அப்படி. முன்பக்க ஸ்பிரிங்குக்கு மேலே கனமான ஒரு வட்டை வைத்து மூக்கைத் தூக்கிவிடுவதுதான் லெவலிங் கிட். அதைப் போட்டுப் பெரிய டயரும் மாட்டினால் வண்டி மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூட வாசலில் பையன்கள் அப்படித்தான் நிறுத்திவைத்திருப்பார்கள். அறுபது வயதை நெருங்கும்போது இவனுக்கு என்ன வந்தது?

"என்ன மாப்ளே, புதுசா எவளாச்சும் மாட்டிக்கிட்டாளா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. எவ்வளவு பெரிய டயர் பிடிக்கும் என்று மட்டும் கேட்டான்.

விஷயம் அன்று சாயங்காலம் மார்லிஸ் போன் செய்தபோதுதான் தெரிந்தது. அவர்கள் மகள் ஷெல்பி மாசமாக இருக்கிறாள். மருமகன் வடக்கே எண்ணெய்க் கிணற்றில் முறை வைத்து வேலை செய்வதால் அவள் அம்மா வீட்டோடு இருந்தாள். இதற்கு முன் இரண்டு முறை கலைந்துவிட்டது. அதனால் இந்த முறை குழந்தை கைக்கு வரும்வரை ஊரில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். ஏப்ரல் கடைசியில் பிரசவம். எங்கள் ரோட்டில் மழையும் சேறும் மாதக் கணக்கில் கிடக்கிற காலமும் அதுதான்.

நாள் நெருங்கியதும் ஷெல்பி ஊருக்குள் என் வீட்டுக்கு வந்துவிடுவது என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வயிற்றுக்குள் இருக்கிற குழந்தைக்கு நம்முடைய ஏற்பாடு தெரியுமா என்று ஆர்டன் கேட்டானாம்.

அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஷெல்பியே அந்த ரோட்டில் பிறந்தவள்தான். இதே மாதிரி ஒரு ஏப்ரல் மழையில், மார்லிஸைத் தெற்கே மைல்ஸ் சிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், ஓடைப் பள்ளத்தில் வண்டி நின்றுவிட்டது. ஆர்டன்தான் தன் சட்டையைக் கழற்றிக் குழந்தையை வாங்கினான். குழந்தை நன்றாகவே கத்தியது. ஆனால் மார்லிஸுக்கு ரத்தம் நிற்கவில்லை. பக்கத்துப் பண்ணையிலிருந்து டிராக்டர் வந்து இழுக்கும்வரை அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனதை அவன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அவள் பிழைத்துவிட்டாள். அதைப் பற்றி அவன் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ரோடு எவ்வளவு காய்ந்திருந்தாலும், அந்தப் பள்ளம் வந்தால் வண்டியை மெதுவாக்கிவிடுவான். இதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கிண்டலை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். கிட்டில் மலிவான வட்டும் உண்டு, ஸ்பிரிங்கோடு சேர்த்து மொத்தமாக மாற்றுகிறதும் உண்டு. வட்டே போதும், அதில் உடைய எதுவும் இல்லை என்றான். சரிதான். டயரில்தான் இரண்டு பேரும் சேர்ந்து கோட்டை விட்டோம். முப்பத்தைந்து இன்ச், நல்ல அகலம், மேல்பரப்பில் ஆழமாக வெட்டிய பூ. சேற்றுக்கு அகலமான டயர் வேண்டும் என்பது எங்களுக்குச் சந்தேகமே இல்லாத விஷயம். ஸ்டியரிங்கைக் கடைசிவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தோம். எங்கேயும் உரசவில்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தது. அந்த விரலைப் பார்த்து நாங்கள் திருப்திப்பட்டுக்கொண்டோம்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். பிறந்ததிலிருந்து இந்தக் களியின் மேல் வாழ்கிறோம். ஆனால் மழையில் வண்டி எடுப்பது அவமானம் என்பதால், ஈரக் களியில் எந்த டயர் போகும் என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. என் கடையில் உரசவில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்தது. என் கடை சிமெண்டுத் தரை.

வண்டி உயர்ந்துவிட்டதால் ஏறுவதற்கு ஒரு படி வேண்டும் என்று, மாட்டுக்கு உப்பு வருகிற தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் பலகை அடித்தான். படியையும் சோதிக்க வேண்டுமே. ஷெல்பியை ஏறச் சொல்ல மனசு வரவில்லை. மார்லிஸின் வயிற்றில் தலையணையைக் கட்டி ஏறச் சொன்னான். என் தங்கை வாசலில் தலையணையோடு ஏறி இறங்கி ஏறி, கடைசியில் அதைக் கழற்றி அவன் தலையிலேயே அடித்தாளாம். ஷெல்பி சிரித்த சிரிப்பில் அன்றைக்கே வலி வந்துவிடும் என்று பயந்துபோனதாக மார்லிஸ் சொன்னாள்.

அப்புறம் ஆர்டன் மழைக்காகக் காத்திருந்தான். ஊரே ரோடு காயட்டும் என்று காத்திருக்க, இவன் ஒருவன் நனையட்டும் என்று காத்திருந்தான்.

மழை வந்தது. ஒரு முழு நாள் ஊறவிட்டு, மத்தியானம் தனியாக வண்டியை எடுத்தான். வீட்டு மேட்டைத் தாண்டும்வரை ராஜா மாதிரி போனதாம். பள்ளத்துக்குள் இறங்கும்போது ஸ்டியரிங் கனத்தது. டயர் சுருட்டிக்கொண்டு வந்த களி மட்கார்டுக்குள் அடைந்து, அடைந்து, கடைசியில் முன்சக்கரங்கள் சுற்றுவதையே நிறுத்திவிட்டன. பூட்டுப் போட்ட மாதிரி. எஞ்சின் உறுமுகிறது, வண்டி அசையவில்லை. அதே பள்ளம்.

வீட்டுக்கு நடந்தே போனான். வண்டி ரோட்டின் நடுவில், மார்பை நிமிர்த்திக்கொண்டு, காயும்வரை நின்றது. அந்தப் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரோட்டுக்கு நடுவில் ஆர்டன் தனக்கே சிலை வைத்துக்கொண்டான் என்று காப்பி மேசையில் பேச்சு.

அந்தப் பேச்சுக்குத் தலைவன் லோவெல். அந்தக் களி ரோட்டைக் கோடைதோறும் தன் டிராக்டரைக் கொண்டு சீவி மட்டம் செய்கிறவன் அவன்தான். யாரும் கேட்டுக்கொண்டதில்லை, அவனே எடுத்துக்கொண்ட வேலை. அதனால் ரோடு அவனுடையது என்கிற நினைப்பும் உண்டு. ரோடு காய்ந்த அன்று ஆர்டன் காப்பி மேசைக்கு வந்தான். வராமல் இருக்கிற ஆள் இல்லை. லோவெல் அவனைப் பார்க்காமல், கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"யாரோட தடம்?"

"என்னோடதுதான்" என்றான் ஆர்டன்.

"போன வருஷம் என் மச்சினன் ஒரு தடவ ஈரத்துல வந்ததுக்கு, இதே மேசைல அவன உரிச்சு உப்பு தடவுன. ஞாபகம் இருக்கா? இப்ப புது டயர காட்டறதுக்கு மழைல கிளம்பிட்டியாக்கும். வயசானா சில பேருக்கு இப்படித்தான் ஆவுது."

மேசையே சிரித்தது. ஆர்டனின் காது சிவந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கிவிடும். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான். நன்றாகவே மிதித்தான். மகளுக்குக் கொடுத்த சத்தியம். தப்புதான் லோவெல் என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தான். இன்னொரு தடவை ஈரத்தில் உன் தடத்தைப் பார்த்தால் இந்த மேசைக்கு நீ வர வேண்டாம் என்றான் லோவெல்.

ஆர்டன் அங்கிருந்து நேராக வந்தது என் கடைக்கு. ஒரு காய்ந்த களிக்கட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். கடப்பாரையால் மட்கார்டுக்குள்ளிருந்து பெயர்த்தது. ஒரு பக்கம் டயரின் பூ அச்சாகப் பதிந்திருந்தது, மறுபக்கம் மட்கார்டின் வளைவு. நடுவில் ஒரு விரல் கனம்.

"இத பாரு மச்சான். இந்த எடம் காலியா இருக்கணும். களி வந்தா விழுந்து போறதுக்கு எடம் வேணும். அந்த லெவலிங் கிட்ட போட்டு மூக்கத் தூக்கி எடம் பண்ணுனோம். பண்ணுன எடத்துல முழுக்க ரப்பர திணிச்சுட்டோம்."

நான் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உயரம் வேண்டும், அகலம் வேண்டாம் என்றான். களிக்கு மேலே மிதக்க வேண்டாம், அறுத்துக்கொண்டு அடியில் இருக்கிற கெட்டி மண்ணைத் தொட்டால் போதும். முப்பத்து மூன்று இன்ச்சில், இருப்பதிலேயே ஒல்லியானதைக் கேட்டான். அந்த அளவை இந்தக் காலத்தில் யாரும் கேட்பதில்லை. மூன்று ஊருக்குப் போன் செய்து வரவழைத்தேன். மாட்டி முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தபோது, வண்டி அன்று பிறந்த கன்றுக்குட்டி மாதிரி கால் மட்டும் நீளமாக நின்றது. பையன்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டு, சைக்கிள் டயர் போட்டிருக்கிறார் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள். மட்கார்டுக்குள் ஆர்டன் தன் கை முஷ்டியை விட்டுப் பார்த்தான். தாராளமாக நுழைந்தது.

இதையும் மழையில் சோதிக்க வேண்டுமா என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக, வேண்டாம் என்றான். லோவெலுக்குப் பயந்து அல்ல. சோதித்து மறுபடியும் நின்றுவிட்டால் அதற்குப் பிறகு தனக்குத் தூக்கம் வராது என்றான். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கும் அன்றிலிருந்து வானத்தைப் பார்க்கிற வியாதி வந்துவிட்டது.

குழந்தைக்கு ஏற்பாடு தெரியவில்லைதான். ஷெல்பி என் வீட்டுக்கு வர வேண்டிய நாளுக்கு வெகு முன்பே, விடாத மழை நாள் ஒன்றில், காலைச் சாப்பாடு முடிந்த நேரம் மார்லிஸ் போன் செய்தாள்.

"பனிக்குடம் உடைஞ்சிருச்சுண்ணா. கிளம்பிட்டோம். அவரு ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாரு, எனக்கு..." அவ்வளவுதான். அந்த ரோட்டில் மேட்டைத் தாண்டினால் போன் எடுக்காது.

கடையைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. இழுக்கிற சங்கிலியை எடுத்துப் போட்டுக்கொண்டு, களி முடிந்து ஜல்லி ஆரம்பிக்கிற இடத்துக்கு ஓட்டினேன். வழியெல்லாம் அவர்கள் வண்டி எதிரே வரும் என்று பார்த்துக்கொண்டே போனேன். வரவில்லை. ஜல்லி தொடங்குகிற இடத்திலும் அவர்கள் வண்டி இல்லை. பள்ளத்தில் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கத் தோன்றவில்லை. மார்லிஸின் அன்றைய முகம் வேறு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நான் பார்த்த முகம்.

அங்கே லோவெலின் வண்டி நின்றது. அவன் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் களியைப் பார்த்தபடி நின்றான். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

"வா. வந்து உன் மாப்பிள்ளையோட லட்சணத்த பாரு. சொன்னேன்ல? இவ்வளவு சொல்லியும் பாரு."

பார்த்தேன். புதுத் தடம். ஒல்லியான இரண்டு கோடுகள். தூரத்து மேட்டிலிருந்து இறங்கி, நேராக வந்து, களியை விட்டு ஏறி, ஜல்லியில் முடிந்திருந்தன. ஜல்லிமேல் கட்டி கட்டியாகக் களி விழுந்து கிடந்தது. டயரிலிருந்து தானாக உதிர்ந்த களி. அங்கிருந்து சக்கரங்கள் சிந்திய களி நெடுஞ்சாலைவரை போய், நான் வந்த பக்கம் திரும்பாமல், தெற்கே மைல்ஸ் சிட்டிப் பக்கம் திரும்பியிருந்தது. அதனால்தான் எதிரே வரவில்லை, பதற்றத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. எனக்கு முன்பே கடந்துவிட்டார்கள்.

என் வண்டியின் பம்பரில் மழையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை. லோவெல் பயந்துபோய் என்னய்யா, என்ன ஆச்சு என்றான். இனிமேல் சத்தியத்தைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஷெல்பி, அந்த இரண்டு முறை, டயர், காப்பி மேசையில் ஆர்டன் என் காலை மிதித்தது, எல்லாம்.

ஷெல்பி பிறந்த அன்று டிராக்டர் கொண்டுவந்து இழுத்தது லோவெலின் அப்பா. மார்லிஸைத் தூக்கி ஏற்றியவன் லோவெல். நான் சொல்லி முடித்ததும் அவன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு களிக்குள் இறங்கி, தடத்தை ஒட்டியே நடக்க ஆரம்பித்தான். எங்கே போகிறாய் என்று கேட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை. போய்க்கொண்டே இருந்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தும் போனான். ஈரக் களியில் நடப்பது என்றால் ஒவ்வொரு எட்டுக்கும் பூட்ஸ் கனத்துக்கொண்டே போகும். திரும்பி வந்தபோது அவன் காலில் இரண்டு பூசணிக்காயைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. மூச்சு வாங்கியது.

"பள்ளத்துலயும் நிக்கல வெண்டல்" என்றான். "ஒரு எடத்துலகூட நிக்கல."

அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போய் வந்திருக்கிறான்.

மத்தியானம் மார்லிஸிடமிருந்து போன் வந்தது. பெண் குழந்தை. அவசரப்பட்டு வந்ததால் கொஞ்சம் சின்னது, மற்றபடி குறை இல்லை. ஷெல்பி நன்றாக இருக்கிறாள். ஆர்டனைப் பேசச் சொன்னேன். போனை வாங்கினான். டயர் நல்ல டயர் மச்சான் என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. என்னாலும்தான். சரி மாப்ளே, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ரோடு காய்ந்ததும் லோவெல் டிராக்டரைக் கொண்டுவந்தான். ஆர்டன் முதல்முறை சிலை வைத்தபோது போட்ட அகலமான தடத்தைச் சீவி மூடினான். பனிக்காலத்துப் பள்ளங்களை நிரப்பினான். அந்த ஒல்லித் தடம் வந்த இடத்தில் மட்டும் சீவுகிற கத்தியைத் தூக்கிக்கொண்டான். மேட்டிலிருந்து பள்ளம் வழியாக ஜல்லிவரை அது அப்படியே இருந்தது. குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்தபோதும் அதன்மேல்தான் வந்தார்கள். இதைச் சீவக் கூடாதா என்று மார்லிஸ் கேட்டதற்கு, இந்தக் கோடைக்குக் கிடக்கட்டும் என்றான் லோவெல்.

கோடை முழுக்க அந்த ரோட்டில் போன எல்லோருக்கும் பல் ஆடியது. எனக்கும் ஆடியது. யாருடைய தடம் என்று ஒருவரும் கேட்கவில்லை.